கிளட்ச் கால்

என் இடது கால் வலிக்க ஆரம்பித்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. வண்டி ஓட்டுகிறவனுக்கு இடது கால் வலித்தால் காரணம் தேட வேண்டியதில்லை, கிளட்ச் இருக்கிறது. என் வீடு திருக்கழுக்குன்றத்தில். காலையில் வேனை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு போவேன். ரயிலில் வந்து இறங்குகிற பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு, திருப்போரூர் வழியாகச் சிறுசேரியில் அவர்களுடைய ஐ.டி. கம்பெனி வாசலில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் அதே பதினாறு பேரை அதே பாதையில் திரும்பக் கொண்டுவருவேன். பன்னிரண்டு வருஷமாக இதுதான் வேலை. சிறுசேரி போகிற ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு சிக்னலுக்கு எத்தனை முறை கிளட்ச்சை மிதிக்க வேண்டும் என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் நான் யாரையும் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்று இருந்தேன். அப்போது எல்லா விஷயத்திலும் நான் அப்படித்தான்.

ஆனால் அந்த வலிக்கு ஒரு விசித்திரமான ஒழுங்கு இருந்தது. வண்டி ஓட்டும்போது வலிக்காது. உட்கார்ந்தால் வலிக்காது. நடந்தால் மட்டும்தான் வலிக்கும். சிறுசேரியில் எங்கள் வேன்கள் நிற்கிற காலி மனையிலிருந்து டீக்கடைக்கு முந்நூறு அடி நடக்க வேண்டும். இருநூறாவது அடி வாக்கில், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி கெண்டைக்காலை யாரோ பிழிவார்கள். வழியில் ஒரு வாய்க்கால் கல்வெர்ட்டின் கட்டைச்சுவர் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பேன். சிகரெட் முடியும்போது வலி போயிருக்கும். மீதி நூறு அடியை ராஜா மாதிரி நடந்து போவேன்.

சிகரெட் பிடித்தால் கால்வலி போய்விடுகிறது என்று நான் கண்டுபிடித்தது இப்படித்தான். என்னோடு இன்னொரு வேன் ஓட்டுகிற நண்பன் ஒருவன் உண்டு. இருவரும் ஒரே வயது, ஒரே கடையில் ஒரே நேரத்தில் தம் அடிக்கிறவர்கள். அவனிடம் இந்த வைத்தியத்தைச் சொன்னேன்.

"சூப்பர் மருந்து மச்சான்" என்றான். "எனுக்கு முதுகு வலிக்கிது. அதுக்கு எத்தினி போடணும்?"

"உனுக்கு ஒரு பாக்கெட்."

இருவரும் சிரித்தோம். வலியைப் போக்கியது சிகரெட் இல்லை, நான் உட்கார்ந்ததுதான் என்று எனக்குப் புரிய ஒரு வருஷமும் இரண்டு விரல்களும் ஆயின.

பத்தொன்பது வயதில் ஆரம்பித்த பழக்கம். இருபது சிகரெட் பாக்கெட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை என்று வந்து நின்றிருந்தது. காலையில் டீயோடு ஒன்று, செங்கல்பட்டில் ரயில் வருவதற்கு முன் ஒன்று, ஆட்களை இறக்கிவிட்டதும் ஒன்று என்று நாள் முழுக்க அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். வேனுக்குள் மட்டும் பிடிக்க மாட்டேன். அதில் எனக்குப் பெரிய பெருமை. ஏறுகிறவர்களில் யாருக்கும் நான் சிகரெட் பிடிக்கிறவன் என்றே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவியை ஏமாற்ற முடியாது. அவள் மாமல்லபுரத்தைத் தாண்டி ஈ.சி.ஆர். சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு சூப்பர்வைசர். சிகரெட் பிடிக்கக்கூடாத அறையில் யாராவது பிடித்திருந்தால், கதவைத் திறந்த நொடியில் சொல்லிவிடுவாள்.

"நேத்து புடிச்சதா இன்னிக்கி புடிச்சதான்னு கூட சொல்லுவேன்" என்பாள். "பாத்ரூம்ல போயி ஜன்னலத் தொறந்து வச்சிகினு புடிப்பானுங்க. திரைத்துணி காட்டிக் குடுத்துடும். உன் சட்டை எனுக்குக் காட்டிக் குடுக்காதா?"

கல்யாணமான புதிதில் சண்டை போட்டாள். பிறகு நிறுத்திவிட்டாள். என் சட்டைகளை மட்டும் தனி வாளியில் ஊறவைப்பாள். அவ்வளவுதான்.

சிகரெட் கெடுதல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பாக்கெட்டிலேயே படம் போட்டிருக்கிறான். ஆனால் அது வாயும் நெஞ்சும் சம்பந்தப்பட்ட படம். எனக்கு ஒரு நாள்கூட இருமல் வந்ததில்லை. சளி கிடையாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி நடத்துகிற உடல் பரிசோதனையில் டிரைவர்களிலேயே எனக்குத்தான் எல்லாம் நார்மல். அந்தப் படம் வேறு யாருக்கோ என்று நினைத்தேன். காலைப் பற்றி எந்தப் படத்தையும் நான் பார்த்ததில்லை.

இருநூறு அடி நூறாகக் குறைந்தபோது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "சிகரெட், தண்ணி எதாச்சும் உண்டா?" என்றார். அறைக்குக் கதவு இல்லை, திரைதான். வெளியே பெஞ்சில் என் வேனில் வருகிற பெண் ஒருத்தி காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தாள். "எதுவும் இல்ல சார்" என்றேன். தசைவலி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. நான் சொன்ன பொய்க்கு அவர் சரியான மருந்தைத்தான் கொடுத்தார்.

அப்புறம்தான் ஷூ வந்தது. டிரைவர்கள் செருப்பு போடக்கூடாது, ஷூதான் போட வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. புது ஷூ இடது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரலைக் கடித்துவிட்டது. ஒரு மிளகு அளவுக்குப் புண். எனக்கு அடிபட்டால் மூன்று நாளில் ஆறிவிடும். இது ஒரு மாதமாகியும் ஆறவில்லை. விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியது. படுத்தால் வலித்தது. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால் கொஞ்சம் தேவலை. அப்படியே தூங்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். மனைவி புண்ணுக்கு மருந்து போட வந்தாள். ஒரு கையால் இடது பாதத்தைப் பிடித்தவள், எதையோ யோசித்து, இன்னொரு கையால் வலது பாதத்தையும் பிடித்தாள். மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, ஒரு காலு சுடுது, ஒரு காலு ஐசா கீது?"

"தரை ஜில்லுனு இருக்குதும்மே."

"ரெண்டு காலும் ஒரே தரையிலதான வச்சிருக்க?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னைச் செங்கல்பட்டுக்கு, பெரிய மருத்துவமனைக்கு, அவளே கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் போனோம். நண்பன் என் வண்டிக்கு வேறு ஒரு டிரைவரை ஏற்பாடு செய்தான். இரண்டு நாள் வேலை என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

அங்கே ரத்தக்குழாய்களுக்கென்று இருந்த டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் சிறியவர். புண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்துக் கண்ணை எங்கோ பார்த்தபடி நின்றார். பிறகு கணுக்காலுக்கு உள்பக்கம் வைத்தார். வலது காலில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் இடது கால். அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து, குளிர்ந்த களிம்பைத் தடவி, என் தொடை இடுக்கில் வைத்தார். சின்ன ஸ்பீக்கரிலிருந்து உஷ், உஷ், உஷ் என்று பலமாகச் சத்தம் வந்தது.

"இதான் உங்க ரத்தம் ஓடற சத்தம்" என்றார்.

முழங்காலுக்குப் பின்னால் வைத்தபோதும் சத்தம் கேட்டது, கொஞ்சம் மெலிந்து. கணுக்காலில் வைத்தார். பாதத்தில் வைத்தார். நகர்த்தி நகர்த்தி வைத்தார். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்தான். என் மனைவி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிகரெட் எவ்ளோ பிடிப்பீங்க?"

"எப்பயாச்சும் ஒன்னு ரெண்டு மேடம்."

"பொய்" என்றாள் மனைவி. "ஒரு நாளைக்கு ஒன்றரை பாக்கெட்டு. பத்தொம்போது வயசுலேர்ந்து."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். சர்க்கரை இருக்கிறதா, கொழுப்பு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"உங்களுக்குச் சர்க்கரை இல்ல. கொழுப்பும் இல்ல. இது சிகரெட்டால வர்ற வியாதி. கால்ல இருக்கற சின்ன ரத்தக்குழாய் எல்லாம் வீங்கி, உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சுப் போச்சு. சின்ன வயசுலயே வரும். பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு, புகையில போடறவங்களுக்குத்தான் வரும்."

"எனுக்கு இருமலே கெடையாது மேடம். வேணும்னா நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க, கிளீனா இருக்கும்."

"இருக்கட்டும். புகை நுரையீரலோட நின்னுடாதுங்க. அங்கேர்ந்து ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் போகுது. ஒருத்தருக்கு இதயத்துல போய் அடைக்கும், ஒருத்தருக்கு மூளையில. உங்களுக்குக் கால்ல."

"சரி மேடம். கொறச்சிக்கறேன்."

"கொறைக்கிற பேச்சே இல்ல. இந்த வியாதிக்கு ஒன்னும் முப்பதும் ஒன்னுதான். முழுசா விட்டா கால் நிக்கும். மருந்து, ஊசி, ஆபரேஷன் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா, குறைத்துக்கொண்டேன். முப்பதிலிருந்து இரண்டு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பதினேழு வருஷமாகப் பிடித்தவன் ஒரே வாரத்தில் முப்பதை இரண்டாக்கினால் அது சின்ன விஷயமா? என் மனவலிமையை நானே மெச்சிக்கொண்டேன். நண்பனும் மெச்சினான். டாக்டர் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வது, முழுதாகக் கேட்டால்தான் பாதியாவது செய்வார்கள் என்பதற்காக என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். இரண்டு வாரம் கழித்து டாக்டர் கேட்டபோது, "விட்டாச்சு மேடம்" என்றேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் விரல் கறுப்பானது. கரி மாதிரி, காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி. பக்கத்து விரலின் நுனியும் கறுக்க ஆரம்பித்தது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, ஆனால் விழித்திருந்தேன். நடுவில் ஒரு பச்சைத் துணி. அந்தப் பக்கம் அவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரு தட்டில் எதையோ வைக்கிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், ஒரு சாவியை மேஜைமேல் வைத்தால் கேட்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அது வரைக்கும் இதெல்லாம் ஏதோ தற்காலிகமாக நடக்கிறது என்ற எண்ணம்தான் எனக்கு இருந்தது.

நாலாம் நாள் நண்பன் பார்க்க வந்தான். அவன் வீட்டில் செய்த இட்லி, ஒரு சீப்பு வாழைப்பழம். மனைவி தண்ணீர் பிடிக்கப் போனதும் பழத்துக்கு அடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் தலையணைக்குக் கீழே தள்ளினான்.

"பேஜாரா இருக்கும்ல உள்ளயே பட்த்துகினு. டாக்டரம்மாக்குத் தெரியாம ஒன்னு போடு. அதான் வெரலையே எட்த்துட்டாங்களே, இனிமே இன்னா."

அவன் என்மேல் இருந்த பிரியத்தில்தான் செய்தான். எனக்கும் அந்த நாலு நாளும் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. அவன் போனதும், மனைவியைச் சாப்பிட அனுப்பிவிட்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் பின்பக்கம் போனேன். துணி காயப்போடுகிற கம்பிகளைத் தாண்டி ஒரு சுவர் இருந்தது. மறைவான இடம் தேடி எத்தனை பேர் அங்கே வந்திருக்கிறார்கள் என்று தரையில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பார்த்தாலே தெரிந்தது.

அங்கே ஏற்கெனவே ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். எனக்கு நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர். மதுராந்தகம் பக்கம் கொத்தனார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடது பாதத்தில் கட்டு. இரண்டு கைகளிலும் விரல்களைச் சேர்த்துக் கட்டு. மடியில் ஒரு சிகரெட்டும் தீப்பெட்டியும். யாரையோ தள்ளிக்கொண்டு வரச்சொல்லி வந்திருக்கிறார். தள்ளிக்கொண்டு வந்த ஆள் டீ வாங்கப் போய்விட்டார்.

"அண்ணாத்த, ஒரு ஒதவி. இத்த கொஞ்சம் பத்த வையேன்."

பற்றவைத்தேன். பிடிக்க அவரால் முடியவில்லை. நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கை வாக்கரில், ஒரு கை அவர் வாயருகில். அவர் கழுத்தை நீட்டி உதட்டால் கவ்வி இழுத்தார். கண்ணை மூடினார். தலையை லேசாக அசைத்தால் எடுக்க வேண்டும், மறுபடி அசைத்தால் வைக்க வேண்டும். சாம்பல் அவர் மடியில் விழுந்தது. குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி இருந்தது.

"போன மாசம் வரிக்கும் நானேதான் புட்சிகினு இருந்தேன்" என்றார். "இப்ப கை வெரல்லயும் வந்துட்ச்சி."

"டாக்டரம்மா ஒன்னும் சொல்றதில்லியா?"

"சொல்லிகினுதான் கீறாங்க, மூனு வருசமா. வுட்டுடணும். வுட்டுடுவேன்." சிரித்தார். நல்ல சிரிப்பு. துக்கமே இல்லை அந்த முகத்தில். "உனுக்கு இன்னா, காலா?"

"ரெண்டு வெரலு."

"எனுக்கும் வெரல்லதான் ஆரம்பிச்சிது" என்றார், ஊர்க்காரனைக் கண்டுபிடித்தவர் மாதிரி. "நீ புடிக்கலியா?"

பாக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது. "இல்லண்ணே" என்றேன்.

கடைசி வரைக்கும் பிடிக்க வேண்டும் என்று தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். நெருப்பு என் விரலைச் சுட்டுவிட்டது. கீழே போட்டு வாக்கரின் காலால் அணைத்தேன்.

அந்த இடத்தில் நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. மூன்று வருஷம் கழித்து என் வாயில் யார் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று யோசித்தேன். என் மனைவியின் முகம்தான் வந்தது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, நான் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல், அவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் கேட்பேன், அவள் பிடிப்பாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வார்டுக்குத் திரும்பி வந்து நண்பனுக்கு போன் போட்டேன். அவன் இன்னும் கிளம்பவில்லை, பார்க்கிங் பக்கம் தம் அடித்துக்கொண்டு நின்றிருந்தான். திரும்பி வரச்சொல்லி பாக்கெட்டைக் கொடுத்தேன்.

"இன்னா மச்சான், கோச்சிக்கினியா?"

"இல்லடா. எட்த்துகினு போ."

அன்று சாயங்காலம் டாக்டர் வந்தபோது சொன்னேன். "மேடம், நான் ரெண்டு புடிச்சிகினுதான் இருந்தேன். பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றார். கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே, "விரலப் பாத்தாலே தெரிஞ்சுது. நீங்களே சொல்லணும்னு காத்திருந்தேன்" என்றார்.

மனைவியும், "அந்த ரெண்டு எனுக்கும் தெரியும்" என்றாள்.

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா ரெண்டு நாலாவும். எத்தினி வருஷமா உன்னப் பாத்துகினு கீறேன்."

நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கித் தரட்டுமா என்று நண்பன் கேட்டான். டாக்டர் வேண்டாம் என்றார். என் வியாதிக்கு நிக்கோட்டினே ஆகாது, எந்த வழியில் உள்ளே போனாலும் ஆகாது, பக்கத்தில் யாராவது பிடிக்கிற புகைகூட ஆகாது. வேறு ஒரு மாத்திரை கொடுத்தார். கூடவே, பத்து நாள் கஷ்டமாக இருக்கும், அதற்குப் பிறகு கஷ்டம் தானாகக் குறையும், நடுவில் ஒன்று பிடித்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பத்து நாள் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஓட்ட வேண்டிய தூரம் தெரிந்தால் ஓட்டிவிடலாம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான் மோசம். வியர்த்துக் கொட்டியது. தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள்மேல் எல்லாம் கோபம் வந்தது. மலச்சிக்கல் வேறு. மனைவி வேலைக்குப் போகும்போது கேரட்டும் நெல்லிக்காயும் நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு மணி நேரத்தில் அது தீர்ந்தது. வாயைவிடக் கைதான் பெரிய தொல்லை. பதினேழு வருஷமாக எதையாவது பிடித்துக்கொண்டிருந்த கை. சாயங்காலம் அவள் வந்து கதவைத் திறந்தபோது, வீட்டில் இருந்த தென்னந்துடைப்பம் முழுவதையும் நான் குச்சி குச்சியாக உருவி, ஒவ்வொன்றையும் மூன்றாக ஒடித்துப் போட்டிருந்தேன்.

அவள் குவியலைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக் காற்றை மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"நாளிக்கு எத்தால பெருக்கறது?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் இரண்டு துடைப்பம் வாங்கிவந்தாள். ஒன்று பெருக்க, ஒன்று எனக்கு.

பத்து நாள் ஓடியது. இருபதும் ஓடியது. ஆறாத புண் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக மூடிக்கொண்டு வந்தது. வாரா வாரம் கட்டு மாற்றும்போது நர்ஸைச் செல்போனில் படம் எடுத்துக் காட்டச்சொல்லிப் பார்ப்பேன். முழுதாக மூட ஐந்து மாதம் ஆனது. வேறு விரல் எதுவும் கறுக்கவில்லை. மோப்பம் திரும்பி வந்தது. சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் கருவாடு காய்வதை பஸ் ஜன்னலிலிருந்து முதல்முறையாகச் சரியாக முகர்ந்தேன். அதே பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் இப்போதுதான் பீடி பிடித்துவிட்டு ஏறியிருக்கிறார் என்பதும் தெரிந்தது. நான் யாருக்கும் தெரியாது என்று பெருமைப்பட்டதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. பதினாறு பேருக்கும் தெரிந்திருக்கும். மரியாதைக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

புண் பாதி மூடியதும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். வலி வரும் வரை நட, வந்தால் நில், போனதும் மறுபடி நட. செவ்வாய்க்கிழமை மனைவிக்கு விடுமுறை. அன்றைக்கு இருவரும் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரை வரை போய் வருவோம். சிற்பக் கூடங்களில் கல் செதுக்குகிற மிஷின் சத்தத்துக்கு நடுவே, நூற்றிருபதில் நிற்பேன். நூற்றைம்பதில் நிற்பேன். பிள்ளையார் சிலைகளை விலை கேட்கிற மாதிரி நின்று நின்று போனதால் கடைக்காரர்களுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. நாலு மாதத்தில் எண்ணூறுக்கு வந்தேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் அந்தப் பேனாக் கருவியைப் பாதத்தில் வைத்தார். உஷ் என்ற சத்தம் இல்லை. ரொம்ப மெல்லிசாக, தூரத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒன்று மட்டும் கேட்டது.

"அடைச்சது அடைச்சதுதான். அது தொறக்காது" என்றார். "ஆனா சுத்தி இருக்கற சின்னச் சின்னக் குழாய் வழியா ரத்தம் போக ஆரம்பிச்சிருக்கு. பாதம் பொழைச்சுக்கும்."

டிரைவருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஓ.எம்.ஆர். அடைத்துக்கொண்டால் நானும் ஊருக்குள் புகுந்துதான் போவேன். நேரம் ஆகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஏழு மாதம் கழித்து வேனில் ஏறினேன். ஷூவுக்குள் விரல் இல்லாத இடத்தில் ரப்பர் துண்டு வைத்துத் தைத்திருந்தது. காலி மனையில் வண்டியை முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தேன். கிளட்ச்சை மிதிப்பது விரல் இல்லை, பாதத்தின் மேடு என்று அன்றுதான் கவனித்தேன். கால் நன்றாகவே மிதித்தது.

டீக்கடைப் பக்கம் மட்டும் நான் போவதில்லை. அங்கே எப்போதும் புகை. நண்பன் காகிதக் கப்பில் டீ வாங்கிக்கொண்டு என் வேனுக்கு வருவான். முதலில் தம் அடித்துவிட்டு வந்தான். "தள்ளி நில்றா, உன் மேலயே புகை வருது" என்றேன். அதன்பிறகு என்னோடு டீ குடித்துவிட்டு, அப்புறம் போய் அடித்தான். கொஞ்ச நாளில் டீ நேரம் நீண்டது, அடிக்கப் போகிற அவசரம் குறைந்தது. நான் அவனுக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னவர்களை நான் என்ன செய்தேன் என்று தெரியும்.

இந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அவனாகவே ஆரம்பித்தான்.

"மச்சான், விடறதுக்கு அங்க மாத்திரை எதோ குடுக்கறாங்கன்னியே."

"ஏன், கால் வலிக்குதா?"

"காலெல்லாம் நல்லாக்கீது. படி ஏறுனா இங்க ஒரு மாதிரி புடிக்கிது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "வூட்ல சொல்லாத."

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குச் செங்கல்பட்டு மருத்துவமனை வாசலில் சந்திப்பது என்று பேச்சு. ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து நின்றேன். பன்னிரண்டு மணி வரை நின்றேன். வரவில்லை. போன் எடுக்கவில்லை. மறுநாள், "ஒரு வேல வந்துட்ச்சி மச்சான்" என்றான். "சரி, அடுத்த திங்கக்கெழம" என்றேன். அடுத்த திங்களும் போய் நின்றேன். அன்றைக்கும் வரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவன் எந்த இடத்தில் நின்றுகொண்டு தயங்குகிறான் என்பது எனக்கு அடி எண்ணித் தெரியும். வருவான் என்றும் தெரியும்.

மூன்றாவது திங்கள் நான் போவதற்கு முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தான். வெளுத்த சட்டை, தலை படிய வாரியிருந்தான். சட்டையில் புகை வாசம் தூக்கியது.

"ஒன்னே ஒன்னு போட்டுட்டு உள்ள போலாமா?" என்றான்.

"டோக்கன் வாங்குடா" என்று சொல்லி, அவன் முதுகில் கை வைத்து உள்ளே அழைத்துப் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், மிஷின்மேல் நடக்கவைத்துப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிற மாதிரி தெரிகிறது, இப்போதே வந்தது நல்லது என்று சொல்லி, மருந்தும், விடுவதற்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் சீட்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பத்து நாளு எப்புடிடா ஓட்டுன?" என்றான்.

"வூட்ல துடைப்பம் எத்தினி கீது?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து, மருந்து வாங்குகிற வரிசையில் இருவரும் போய் நின்றோம். வரிசை நீளமாக இருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.